தலைமாட்டு ஊற்று: கேரட்டா, காட்டேஜா, பொதுத் தொட்டியா?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் சரிவில் ஓர் ஊற்று இருக்கிறது. சோலை முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் கொஞ்சம் சதுப்பு, அதன் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வருகிறது. அந்த இடம் ஒருவருடைய பட்டா நிலம். அங்கிருந்து ஓடையாக இறங்கும் தண்ணீர், நடுவில் எங்களைப் போன்ற சிறு விவசாயிகளின் தேயிலையையும் காய்கறிப் பாத்திகளையும் தாண்டி, கடைசியில் காலனிக்குப் போய்ச் சேர்கிறது. காலனியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீடு உண்டு, விவசாய நிலம் கிடையாது. குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் இந்த ஓடைதான்.

ஊற்று இருக்கும் அந்தப் பட்டாவின் சொந்தக்காரர், தலைமாட்டுத் தோட்டத்து அண்ணன், இப்போது ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை கொழுந்து பறிக்கும் கூலிக்கே சரியாகப் போகிறது. பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடலாமா என்று யோசிக்கிறார். நிலத்தை வாங்கிக் காட்டேஜ் கட்ட ஆள் தேடி வருகிறது. கீழே இருப்பவர்களோ பொதுத் தொட்டி கட்ட இடம் கேட்கிறார்கள். ஊராட்சியிடமே எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. இதே நிலையில் நீலகிரியில் பல குடும்பங்கள் இருக்கின்றன என்பதால்தான் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

நான் நடுச்சரிவுக்காரன். அந்த ஓடையில் எனக்கும் ஒரு கறுப்பு ஓஸ் பைப் கிடக்கிறது. அதனால் இதில் நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எந்த வழியைப் பேசுவதற்கு முன்பும் தண்ணீரை அளக்க வேண்டும். எங்கள் பேச்சு பெரும்பாலும் “நிறைய வருது”, “வத்திப் போச்சு” என்ற அளவிலேயே நிற்கிறது. அளப்பதற்கு ஒரு வாளியும் ஒரு கைக்கடிகாரமும் போதும். 10 லிட்டர் வாளி 20 விநாடியில் நிறைகிறது என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், நாளொன்றுக்கு 43,200 லிட்டர். மழைக்காலத்தில் இது தாராளம். மாசி, பங்குனியில் அதே வாளி நிறைய ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நாளுக்கு 14,400 லிட்டர்தான்.

இந்த 14,400 லிட்டரை இரண்டு விதமாகப் பார்க்கலாம். கிராமத்துக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அந்தக் கணக்கில் கோடை ஊற்று 260 பேருக்குப் போதும். கேரட்டுக்கு வருவோம். குளிர்ந்த மலைதான், இருந்தாலும் வெயில் நாளில் ஏக்கருக்கு 4 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தாலே 16,000 லிட்டர் வந்துவிடும். அதாவது 260 பேர் புழங்கும் தண்ணீர் முழுவதையும் எடுத்தாலும் ஒரு ஏக்கர் கேரட்டுக்குப் பத்தாது. என்னைப் பொறுத்தவரை பேச்சு முழுக்க இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் சண்டையே இல்லை, ஆளுக்கு வேண்டியதை எடுத்த பிறகும் மிச்சம் ஓடும். சண்டை தை கடைசியிலிருந்து சித்திரை மழை விழும் வரைக்கும்தான். முடிவும் அந்த மாதங்களுக்காகத்தான்.

அடுத்தது சட்டம். பலர் நினைப்பது போல அது கீழே இருப்பவர்களுக்கு முழுக் காவலாக இல்லை. அக்கம்பக்க நிலக்காரர்களுக்கு இடையில் வழி, தண்ணீர் போன்ற உரிமைகளைப் பற்றிய 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டத்தின்படி, தெளிவான வாய்க்காலாகவோ ஓடையாகவோ உருவெடுக்காத தண்ணீரை, தன் நிலத்துக்குள் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ள நிலச் சொந்தக்காரருக்கு உரிமை உண்டு. ஓடையாக ஓடத் தொடங்கிய பிறகுதான் கரையோர நிலக்காரர்களின் உரிமை வருகிறது. அதுவும் நிலத்தோடு ஒட்டிய உரிமை. நிலமில்லாத காலனிக்காரர்களுக்கு அதில் பிடி குறைவு. சதுப்பிலேயே குட்டை வெட்டித் தண்ணீரை அவர் நிறுத்திக்கொண்டால், கோர்ட்டுக்குப் போய் வருடக்கணக்கில் அலையலாம். அதற்குள் எத்தனை பங்குனி வந்து போகும்? ஆக, முடிவு அவர் மனதைப் பொறுத்தது. அவர் மனதை நாங்கள் எப்படி அணுகுகிறோம் என்பதையும் பொறுத்தது.

சரி, முதல் வழி: ஊற்றைத் தனக்கே வைத்துக்கொண்டு கேரட் போடுவது.

இதைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் பக்கத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். கேரட் நூறு, நூற்றிருபது நாள் பயிர். தண்ணீர் இருந்தால் வருடத்துக்கு இரண்டு போகம் தாராளம், மூன்றாவதும் எடுக்கலாம். அந்த மூன்றாவது போகம், கோடைப் போகம்தான் காசு. மற்றவர்களிடம் சரக்கு இல்லாத நேரத்தில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றினால் கிடைக்கும் விலையே வேறு. நுண்ணீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு முழு மானியம் தருகிறது. விவசாய மின்சாரம் இலவசம். மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவருக்குச் செலவில் வித்தியாசம் இல்லை. உறைபனிக் காலத்தில் விடியும் முன் ஸ்பிரிங்க்ளர் ஓட்டினால் பயிர் கருகாமல் தப்பிக்கும். பிள்ளைகளின் படிப்பு, வாங்கிய கடன், மகள் கல்யாணம் எல்லாம் அந்தப் போகத்தில்தான் நிற்கிறது. இது பேராசை இல்லை, ஒரு குடும்பத்தின் நியாயமான கணக்கு.

ஆனால் அந்தக் கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. இலவச மின்சாரம் மோட்டாரை நிறுத்தச் சொல்லாது. மண்டி விலை ஏறினால் இன்னும் கால் ஏக்கர் சேர்க்கத் தோன்றும். சதுப்பை வடித்துப் பாத்தி கட்டத் தோன்றும். நீலகிரியின் பள்ளங்களில் எத்தனையோ சதுப்புகள் இப்படித்தான் காய்கறி நிலமாயின. மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மாசி வரை சொட்டுச் சொட்டாக விடுவது அந்தச் சதுப்புதான். அதை வடித்தால் முதல் சில வருடம் தண்ணீர் கூடுதலாக வருவது போலத் தெரியும், அப்புறம் ஊற்றே மெலியும். அன்றைக்கு அவருக்கும் கேரட் இல்லை, காலனிக்கும் குடம் இல்லை. ஆழ்துளைக் கிணறு போட்டுச் சமாளிக்கலாம் என்றாலும், இந்த மாவட்டத்தில் அதற்கு நிர்வாகத்தின் கட்டுப்பாடு இருக்கிறது.

இரண்டாவது வழி, காட்டேஜுக்கு விற்பது. இதில் நீண்ட பேச்சு வேண்டாம். மலைப்பகுதிக் கட்டட விதிகளும், மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியும் வாங்குபவரின் தலைவலி, விற்பவருக்குக் கையில் காசு. ஆனால் சரிவை ஜேசிபி வைத்து மட்டம் பண்ணும்போது ஊற்றின் வாய் மண்ணுக்குள் போகும். வெளியேற வழியில்லாத தண்ணீர் மண்ணுக்குள்ளேயே அழுத்தமாகச் சேரும், பெருமழையில் சரிவோடு இறங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் மண்ணுக்குள் போனார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரு நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட மழை இனி வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. விற்றவர் கோயம்புத்தூரில் இருப்பார், மண் காலனியின் மேல் இறங்கும். நான்கு வழிகளில் திரும்பி வர முடியாதது இது ஒன்றுதான். அதனாலேயே இதை முதலில் விலக்குகிறேன்.

மூன்றாவது, ஊராட்சியிடம் விடுவது. நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் வழி. வீட்டுக்கு வீடு குழாய் என்று 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் இருக்கிறது, மேல்நிலைத் தொட்டி கட்ட நிதியும் வரலாம். குழாய் பதிப்பதில் அரசுக்கு இருக்கும் பலம் எங்கள் சரிவில் யாருக்கும் இல்லை. ஆனால் குழாய்க்குள் வர வேண்டிய தண்ணீர் அதே ஊற்றிலிருந்துதான் வர வேண்டும். கோடையில் அந்த 14,400 லிட்டரில் யாருக்கு எவ்வளவு என்பதை எந்த அலுவலகமும் தினமும் வந்து பார்த்துப் பிரித்துத் தராது. பார்க்கவும் முடியாது. ஆகவே அரசை இரும்புக்கும் சிமெண்டுக்கும் கூப்பிடலாம், பங்கீடு எங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

இனி நான்காவது வழி: சதுப்பைத் தொடாமல் வேலி போட்டு விட்டுவிடுவது, அதற்குக் கீழே பொதுத் தொட்டி கட்டுவது, முறை வைத்து எடுப்பது.

இதை அவரிடம் சொல்லப் போகிறவர்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. “அண்ணே, யோசிச்சுப் பாருங்க, கடைசியில இது உங்களுக்கும் லாபம்தான்” என்கிறார்கள். பொதுநலத்தைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் இந்தப் பேச்சு வருகிறது. ஊர் வாழ்ந்தால் நீயும் வாழ்வாய், பொதுநலம்தான் உண்மையான சுயநலம் என்று. நடுச்சரிவில் இருக்கும் எனக்கு அது பொருந்தும். என் பைப்புக்கு மேலே ஆள் இருக்கிறார், கீழேயும் ஆள் இருக்கிறது. முறை வந்தால் எனக்கும் நிச்சயத் தண்ணீர். காலனிக்கு முழுக்க லாபம். தலைமாட்டுக்காரருக்கு மட்டும் அது பொருந்தாது. அவருக்கு மேலே யாரும் இல்லை. அவர் தண்ணீரை யாரும் மறிக்க முடியாது. பொதுத் தொட்டி வந்தால் கோடைப் போகம் போகும், அவ்வளவுதான். சதுப்பு மெலிந்து அவரே கஷ்டப்படும் நாள் வரலாம். அது பத்து வருடம் கழித்தும் வரலாம், அவர் காலத்தில் வராமலும் போகலாம். அவருடைய நஷ்டம் இந்தப் பங்குனியிலேயே வருகிறது.

அவர் மனக்கணக்கில் கெட்டிக்காரர். லாபம் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். அதைவிட, “உங்களுக்கு நஷ்டம்தான், அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறோம். கீழே 260 பேர் குடிக்க வேண்டியது உங்கள் ஒரு ஏக்கருக்குள் போகக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம்” என்று நேராகச் சொல்வதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை. கொடுப்பவரிடம் போய் நீ கொடுக்கவே இல்லை, வாங்குகிறாய் என்று சொன்னால், அவர் கொடுத்ததற்கு மதிப்பே இல்லாமல் போகிறது. என் விருப்பம் இந்த நான்காவது வழிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தாகத்துக்கும் விலைக்கும் நடுவில் வந்து நின்றால் தாகத்தின் பக்கம்தான் நிற்க முடியும். ஆனால் அதற்கான விலையைக் கொடுப்பவர் யார் என்று மறைக்கக் கூடாது.

இந்த வழி நடக்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. பொதுவில் விட்டால் ஆளாளுக்கு எடுத்து அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1968இல் வாதிட்டார். பலர் இன்றும் அதையே சொல்கிறார்கள். எலினோர் ஆஸ்ட்ரம் பல நாட்டுக் கிராமங்களில் நடப்பதை ஆராய்ந்து, அப்படி ஆகத்தான் வேண்டும் என்று இல்லை என்று காட்டினார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 2009. அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்து மலையில் உள்ள டோர்பெல். அங்கே 1517இலேயே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள்: குளிர்காலத்தில் தன் தீவனத்தைப் போட்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டைத்தான் ஒருவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு ஓட்டலாம். எளிய விதி. யாரும் எண்ணிப் பார்க்கலாம், யாரும் ஏமாற்ற முடியாது. இதுவும் மலைக்காரர்கள் மலைக்காரர்களுக்காகப் போட்ட விதி என்பதால் எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

எங்கள் ஊற்றுக்கும் அதே மாதிரி யாரும் சரிபார்க்கக்கூடிய விதி வேண்டும். நான் நினைப்பது இது. வாளி நிறைய 40 விநாடிக்குள் ஆகும் வரை யாருக்கும் தடை இல்லை. 40 விநாடியைத் தாண்டினால் காலனித் தொட்டி நிறைந்த பிறகே பயிருக்கு. ஒரு நிமிடத்தைத் தொட்டால் பயிருக்கு ஒரு சொட்டும் இல்லை, எல்லா மோட்டாரும் நிற்க வேண்டும், என்னுடையதும் சேர்த்து. காலண்டர் தேதி வைத்து விதி போட்டால் மழை தவறிய வருடத்தில் சண்டை வரும். வாளியை வைத்துப் போட்டால் ஊற்றே சொல்லிவிடும்.

தொட்டியால் இன்னொரு நன்மையும் உண்டு. இப்போது இரவு முழுக்க ஓடும் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் இறங்கிப் போகிறது. 15,000 லிட்டர் தொட்டி இருந்தால் கோடையின் ஒரு நாள் வரத்து முழுவதும் அதில் நிற்கும். விடிந்ததும் காலனிப் பெண்கள் வாளி வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கோத்தகிரிக்காரர்களுக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. லாங்வுட் சோலை நம் கண் முன்னால் இருக்கிறது. 116 ஹெக்டேர், சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் தரும் காடு. வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர் மக்கள் கண்காணிப்புக் குழு வைத்துக் காத்த இடம். 2024 ஜனவரியில் அதற்கு, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது. அந்தக் குழுவினர் தங்கள் சொந்த நேரத்தைத்தான் கொடுத்தார்கள். விறகுக்கும் வேலிக்கம்புக்கும் உள்ளே போகாமல் நின்ற குடும்பங்களும் கொடுத்தவர்கள்தான், அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

பொதுவில் வைப்பது எங்கே ஓட்டையாகும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. மாவட்டத்தில் 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் இருக்கின்றன, சிறு விவசாயிகளே உறுப்பினர்கள். வெளி ஆலைக்குக் கொழுந்து வாங்கும் ஏஜெண்ட் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தால் உறுப்பினரின் கொழுந்தே வெளியே போய்விடுகிறது. வரத்துக் குறைந்த ஆலையில் செலவு ஏறும், விலை இறங்கும், இன்னும் நாலு பேர் வெளியே போவார்கள். இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவசரக் காசு தேவைப்பட்ட நாளில் ஒரு ரூபாய் பெரிது. தொட்டி விஷயத்திலும் இதுவே நடக்கும். முதல் வருடம் எல்லோரும் முறையைக் காப்பார்கள். இரண்டாம் வருடம் கேரட் விலை ஏறிய வாரத்தில் யாரோ ஒருவர் ராத்திரி வால்வைத் திறப்பார். அப்போது என்ன செய்வது என்பதை முன்பே பேசிவைக்காவிட்டால், “அவன் திறந்தான், நானும் திறக்கிறேன்” என்று ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதல் தடவை பேசிச் சொல்வது, இரண்டாம் தடவை ஒரு முறை இழப்பது, மூன்றாம் தடவை அந்தக் கோடை முழுக்க இழப்பது என்று படிப்படியாக வைக்க வேண்டும். எடுத்தவுடன் பெரிய அபராதம் போட்டால் வசூலிக்கவும் மாட்டோம், உறவும் கெடும். வால்வுச் சாவி காலனியில் ஒருவரிடம் இருப்பது நல்லது. தண்ணீர் வராவிட்டால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

அடுத்து, தலைமாட்டுக்காரருக்கு நாங்கள் என்ன தருகிறோம்? கோடைப் போகத்தின் பணத்தைத் திருப்பித் தர எங்களால் ஆகாது. ஆனால் வெறுங்கையோடு போவதும் தவறு. தொட்டிக்கும் வேலிக்கும் ஆகும் செலவிலும் உடலுழைப்பிலும் அவரிடம் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. மழைக்காலத் தண்ணீரில் முதல் முறை அவருக்கே. அவர் கேட்டால் மழைநீர் சேர்க்கும் பண்ணைக்குட்டையை, சதுப்பைத் தொடாமல் தோட்டத்தின் கீழ் ஓரத்தில் எல்லோரும் சேர்ந்து வெட்டித் தரலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பினால் தை வரை அவருக்குக் கை கொடுக்கும். தொட்டி இருக்கும் இடம் அவர் பட்டாவிலேயே இருக்கட்டும். பயன்படுத்தும் உரிமையை மட்டும் எழுதி வாங்கினால் போதும். நிலத்தையே ஊருக்கு எழுதித் தரச் சொல்லிச் சிலர் பேசுவது அதிகப்படி. தண்ணீர் கொடுப்பவரிடம் மண்ணையும் கேட்பது நியாயமாகப் படவில்லை.

இவ்வளவுக்கும் அவர் முடியாது என்றால்? அவரை ஒதுக்கி வைக்கும் பேச்சு எழும், எழாமல் இருக்காது. அதை நான் ஆதரிக்க மாட்டேன். நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்து, பயமுறுத்தி வாங்கிய தண்ணீர் அடுத்த தலைமுறையில் சண்டையாகத் திரும்பும். முடியாது என்றால் அடுத்த வருடம் திரும்பக் கேட்போம். அதுவரை நடுச்சரிவில் இருக்கும் நாங்கள் எல்லோரும் எங்கள் பைப்பை எடுத்தாலே காலனிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அவர் மேலே இருந்து அதைப் பார்ப்பார். ஓடையில் நாற்பது பைப்பை வைத்துக்கொண்டு ஒருவரிடம் மட்டும் தியாகம் கேட்கிற ஊரின் பேச்சை யார் மதிப்பார்கள்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் கிராம சபை கூடுகிறது. விதியையும் முறையையும் எழுதி அன்றைக்குத் தீர்மானமாக வைத்தால், அரசிடம் தொட்டிக்கு நிதி கேட்கவும் அது உதவும். அதற்கு முன் மாசி முழுக்க வாரம் ஒரு முறை, தலைமாட்டுக்காரரையும் காலனியிலிருந்து ஒருவரையும் வைத்துக்கொண்டு வாளியில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். எல்லோரும் பார்த்து எழுதிய எண் இல்லாமல் சபையில் பேசினால் பழைய சண்டைதான் திரும்ப வரும். என் பைப்பை முதல் அளவு எடுக்கும் நாளிலேயே ஓடையிலிருந்து எடுத்துவிடுகிறேன். நடுச்சரிவில் மற்றவர்களையும் அதே நாளில் எடுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இருவர் சரி என்றிருக்கிறார்கள்.